திரும்பத் தெரியாத ஹெலிகாப்டர்: சிமுலேட்டரில் கணினி ஓட்டும் தாக்குதல் ஹெலிகாப்டர்களைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

போர் விமான சிமுலேட்டரில் மிஷன் (விளையாடுவதற்கான போர்க் காட்சி) அமைக்கும் எவரும் ஒரு முறையாவது இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார். டாங்கி வரிசை ஒன்றைத் தாக்குவதற்கு இரண்டு அப்பாச்சி ஹெலிகாப்டர்களை அனுப்புகிறோம். ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவிலிருந்தே வேலையை முடிக்கக்கூடிய ஹெல்ஃபயர் ஏவுகணைகள் அவற்றின் சிறகுகளில் தொங்குகின்றன. முதல் ஏவுகணை குறி தவறாமல் விழுகிறது, இரண்டாவதும் அப்படியே. ஆனால் ஹெலிகாப்டர் மட்டும் நிற்பதில்லை. சுட்டுக்கொண்டே முன்னேறி, டாங்கிகளின் தலைக்கு மேலேயே சென்று, வரிசையின் நடுவில் இருக்கும் ஷில்கா என்ற விமான எதிர்ப்புப் பீரங்கி வண்டியின் நான்கு குழல்களுக்கும் வயிற்றைக் காட்டிக்கொண்டு விழுகிறது.

இதைப் பார்த்தவுடன் கணினிக்குக் குறி வைக்கத் தெரியவில்லை என்றோ, தாழப் பறக்கத் தெரியவில்லை என்றோ சொல்லிவிடுகிறோம். என் கணிப்பில் மூலக் குறை அதுவல்ல. எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. மற்ற குறைகள் பலவும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் அந்தத் திரும்பும் இடத்தை நாமே முடிவு செய்து, கணினியின் கையில் கொடுப்பதைப் பற்றியவை. குறிப்பிட்ட ஒரு சிமுலேட்டரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. நான் தொட்டுப் பார்த்த எல்லாவற்றிலும் இக்குறை ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. மெனுப் பெயர்களுக்கு மட்டும், பலரும் பயன்படுத்தும் டிசிஎஸ் வேர்ல்டின் மிஷன் எடிட்டரை எடுத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் முன்: உண்மையான விமானிகள் என்ன செய்கிறார்கள்

தாக்குதல் ஹெலிகாப்டர் சுடும் முறைகள் மூன்று. ஓரிடத்தில் மிதந்தபடி சுடுவது ஒன்று. நகர்ந்துகொண்டே சுடுவது மற்றொன்று. உயரத்திலிருந்து சரிந்து இறங்கியபடி சுடுவது மூன்றாவது. கரட்டின் பின்னால் பதுங்கி, தலையை மட்டும் உயர்த்திச் சுட்டுவிட்டு மீண்டும் இறங்குவது முதல் வகை. பனிப்போர்க் காலத்தில் ஐரோப்பாவில் சோவியத் டாங்கிப் படைகளை எதிர்கொள்வதற்கென்று அமெரிக்கத் தரைப்படை பெரிதும் பயிற்சி எடுத்த முறை இது. எம்ஐ-24 போன்ற கனமான சோவியத் ஹெலிகாப்டர்களோ முழுச் சுமையுடன் மிதந்து நிற்க விரும்புவதில்லை; ஓடிவந்து தாக்கி விலகுவதே அவற்றின் இயல்பு.

2003 மார்ச் 23-24 இரவில், ஈராக்கின் கர்பலா அருகே, அமெரிக்காவின் 11-வது தாக்குதல் ஹெலிகாப்டர் படைப்பிரிவு 30-ஐ ஒட்டிய எண்ணிக்கையிலான அப்பாச்சிகளுடன் சென்று தரையிலிருந்து வந்த கடும் துப்பாக்கிச் சூட்டில் சிக்கியது. ஒன்று தரையில் வீழ்ந்து அதன் இரு விமானிகளும் பிடிபட்டனர். மற்றவற்றில் ஏறக்குறைய எல்லாமே குண்டடி பட்டுத்தான் திரும்பின. அதற்குப் பிறகு அப்பாச்சி விமானிகளிடையே மிதந்து நிற்கும் பழக்கம் குறைந்து, நகர்ந்துகொண்டே சுடுவதும் சரிந்து சுடுவதும் மேலோங்கின.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. கணினி ஹெலிகாப்டர் நிற்காமல் முன்னேறுவதே தவறு என்று பலர் எண்ணுகிறார்கள். முன்னேறுவது தவறில்லை. உண்மையான விமானி முன்னேறும்போதே விலகும் தூரத்தை மனத்தில் குறித்திருப்பார். எதிரியின் கைக்கெட்டும் எல்லைக்கு வெளியிலேயே திரும்பிவிடுவார். கணினிக்கு அந்தக் கோடு இல்லை.

முதல் படி: ஒரு சோதனைக் களம் அமையுங்கள்

பெரிய மிஷனுக்குள் நேரடியாகத் திருத்தம் செய்யத் தொடங்கினால் எந்த மாற்றம் எந்த விளைவைத் தந்தது என்று தெரியாமல் போய்விடும். ஆகவே தனியாக ஒரு சிறு மிஷன் வேண்டும். நடுவில் ஒரு முகடு, ஒரு பக்கம் ஐந்தாறு டாங்கிகளும் ஒரு ஷில்காவும், மறுபக்கம் 15 கி.மீ. தள்ளி இரண்டு ஹெலிகாப்டர்கள். இவ்வளவு போதும். நீங்கள் எதையும் ஓட்ட வேண்டாம். வெளிக் கேமராவில் உட்கார்ந்து பாருங்கள். பறத்தலை முழுவதும் பதிவு செய்து முப்பரிமாணத்தில் காட்டும் டாக்வியூ போன்ற கருவி இருந்தால், எந்த நொடியில் ஹெலிகாப்டர் எந்த உயரத்தில், எதிரியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதைப் பின்னர் அளந்துகொள்ளலாம்.

குறைந்தது ஐந்து முறை ஓடவிடுங்கள். முதல் ஏவுகணை புறப்பட்ட தூரம், கடைசி ஏவுகணை புறப்பட்ட தூரம், முதல் அடி வாங்கிய தூரம் ஆகிய மூன்றை மட்டும் எழுதி வையுங்கள். நான் முதன்முதலில் இப்படி எழுதிப் பார்த்தபோது, கடைசி ஏவுகணைக்கும் முதல் அடிக்கும் இடையே இருந்த இடைவெளி என்னை வியக்க வைத்தது. ஏவுகணைகள் எல்லாம் தீர்ந்த பிறகும் என் ஹெலிகாப்டர்கள் திரும்பாமல், ராக்கெட்டையும் பீரங்கியையும் கையில் எடுத்துக்கொண்டு இன்னும் நெருங்கின. அவை செத்தது டாங்கிகளை அழிக்கும் முயற்சியில் அல்ல. அழித்து முடித்த பிறகு, ஒரு லாரியைத் துரத்தப் போய்.

இரண்டாம் படி: விலகும் தூரத்தைக் கணக்கிடுங்கள்

இதுதான் முழு வேலையின் அச்சாணி. எதிரியிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஷில்காவின் பீரங்கி ஏறத்தாழ 2.5 கி.மீ. வரை பயன்தரும். தோளில் வைத்து ஏவும் இக்லாவும் வண்டியில் வரும் ஸ்ட்ரெலா-10-உம் சுமார் 5 கி.மீ. எட்டும். துங்குஸ்காவின் பீரங்கி 4 கி.மீ.யும் அதன் ஏவுகணை 8 கி.மீ.யும் போகும். ராடார் பொருத்திய ஏவுகணை வண்டியான ஓசா 10 கி.மீ. வரை தாக்கும். மிக நீளமான கைக்கு மேல் ஒரு கி.மீ.யைச் சேர்த்துக்கொண்டால் அதுவே விலகும் தூரம்.

அடுத்து உங்கள் ஆயுதத்தின் எட்டும் தூரத்தை அதோடு ஒப்பிடுங்கள். பழைய கோப்ரா ஹெலிகாப்டரின் டோ ஏவுகணை 3,750 மீட்டருக்கு மேல் போகாது. ஷில்காவுக்கு எதிராக அதற்குச் சிறிது இடம் உண்டு. இக்லாவுக்கு எதிராகத் துளியும் இல்லை. ஓசா நிற்கும் இடத்துக்கு எந்தத் தாக்குதல் ஹெலிகாப்டரையும் கணினியின் பொறுப்பில் அனுப்பாதீர்கள். ராடாரைக் குறிவைக்கும் ஏவுகணையுடன் ஒரு விமானம் முதலில் போய் அதை முடிக்கட்டும்; ஹெலிகாப்டர் பிறகு வரலாம்.

வேகத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 100 நாட் வேகத்தில் பறக்கும் ஹெலிகாப்டர் ஒரு நொடியில் 51 மீட்டர் கடக்கிறது. 6 கி.மீ. தூரத்தில் முதல் ஏவுகணையை விடுத்தால், ஷில்காவின் 2.5 கி.மீ. வளையத்துக்குள் நுழைய அதற்கு 70 நொடிகூட ஆகாது. லேசர் வழிகாட்டும் ஹெல்ஃபயராக இருந்தால், ஏவுகணை போய்ச் சேரும் வரை இலக்கின் மேல் லேசரைப் பிடித்திருக்க வேண்டும்; கணினியோ ஒன்று விழுந்த பிறகுதான் பெரும்பாலும் அடுத்ததை எடுக்கும். இலக்கு தேடும் நேரத்தையும் சேர்த்தால், வளையத்துக்கு வெளியே இருந்தபடி இரண்டு அல்லது மூன்று ஏவுகணைகளை மட்டுமே விட முடியும் என்பது தெளிவாகும். அதே ஹெலிகாப்டர் 30 நாட்டில் வந்தால் நொடிக்கு 15 மீட்டர்தான். அதே தூரத்தைக் கடக்க ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆகும். தாக்கும் கட்டத்தில் வேகத்தைக் குறைப்பதைவிட மலிவான மருந்து வேறில்லை. ஆனால் மெதுவாக வருவது எதிரியின் எல்லைக்கு வெளியே மட்டுமே மருந்து. உள்ளே அதுவே நஞ்சு.

மூன்றாம் படி: தாக்கும் இடத்தைத் தரையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

மலையையும் கரட்டையும் மறைவாகப் பயன்படுத்துவது கணினிக்கு வராத கலை. தரையிலிருந்து இத்தனை மீட்டர் உயரம் என்று நாம் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு தரையின் மேடுபள்ளத்தை அப்படியே பின்தொடரும். அதைத் தாழப் பறத்தல் என்று சொல்லலாம், மறைந்து பறத்தல் என்று சொல்ல முடியாது. 40 மீட்டர் உயரமுள்ள முகட்டைத் தரையிலிருந்து 30 மீட்டரில் கடக்கும் ஹெலிகாப்டர், அந்தக் கணத்தில் சமவெளியிலிருந்து 70 மீட்டர் உயரத்தில், வானத்தைப் பின்னணியாகக் கொண்டு, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நிற்கிறது.

ஒரு கணக்கைச் செய்து பாருங்கள். எதிரி முகட்டிலிருந்து 4 கி.மீ. முன்னால் சமதரையில் இருக்கிறார். அவருடைய கண் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முகட்டின் உயரம் 40 மீட்டர். அவர் பார்வைக்கோடு முகட்டின் உச்சியைத் தொட்டு, அதற்குப் பின்னால் 500 மீட்டரில் ஏறத்தாழ 45 மீட்டர் உயரத்தில் செல்லும். அந்த இடத்தில் உங்கள் ஹெலிகாப்டர் 30 மீட்டரில் இருந்தால் முழுதாக மறைந்திருக்கும். 60 மீட்டரில் இருந்தால் தெரியும். இந்த 30 மீட்டர் வித்தியாசத்தை விமானி கண்ணால் உணர்கிறார். கணினிக்கு நாம் எண்ணாகவே எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆகவே முகட்டின் சரிவு தொடங்குவதற்குச் சற்று முன்னால் காத்திருக்கும் வேபாயிண்டையும் (பறக்கும் வழியில் நாம் குறிக்கும் புள்ளி), சுடத் தேவையான பார்வை கிடைக்கும் இடத்தில் தாக்கும் வேபாயிண்டையும் தனித்தனியே வையுங்கள். எல்லா உயரங்களையும் கடல் மட்டத்திலிருந்து அல்லாமல் தரையிலிருந்து அளக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். புதிதாக மிஷன் அமைப்பவர்கள் தவறவிடும் முதல் பொத்தான் இதுவே. காத்திருக்கும் இடத்தில் சுற்றிவரும் கட்டளையைவிட, தரையிறங்கும் கட்டளையே எனக்குக் கைகொடுத்தது. டிசிஎஸ்ஸில் ஹெலிகாப்டரை வெற்று நிலத்தில் இறக்கி, குறிப்பிட்ட நேரம் கழிந்தோ ஒரு ஃப்ளாக் (மிஷனுக்குள் நாம் வைக்கும் அடையாள எண்) மாறும்போதோ எழச் செய்யலாம். தரையில் உட்கார்ந்திருக்கும் ஹெலிகாப்டர் தன் போக்கில் உயரம் ஏறாது, அலையாது.

பார்ப்பதற்கு இது ஏமாற்று வேலை போலத் தோன்றலாம். அப்படி எனக்குத் தோன்றவில்லை. 1991 ஜனவரி 17 அன்று வளைகுடாப் போரின் முதல் தாக்குதலாக எட்டு அப்பாச்சிகள் ஈராக்கின் இரண்டு ராடார் நிலையங்களை அழித்தபோது, இருட்டில் பாலைவனத்தைக் கடந்து அவற்றுக்கு வழி காட்டிச் சென்றவை விமானப்படையின் பேவ் லோ ஹெலிகாப்டர்கள். வழிசெலுத்தும் கருவிகள் அவற்றிடம்தான் சிறப்பாக இருந்தன. மிஷன் அமைப்பவர் இங்கே ஏற்பது அந்த பேவ் லோவின் வேலை.

நான்காம் படி: தேடச் சொல்லாதீர்கள், இலக்கைச் சொல்லுங்கள்

வழிநெடுகத் தேடித் தாக்கும் பொதுக் கட்டளையைக் கொடுத்தால் கணினி ஹெலிகாப்டருக்கு எல்லை என்பதே இல்லாமல் போகும். ஒரு டாங்கியைப் பார்த்தால் அதன் பின்னால், அங்கிருந்து ஒரு ஜீப்பைப் பார்த்தால் அதன் பின்னால் என்று இழுபட்டுக்கொண்டே போகும். எது முக்கியம் என்பதைப் பல நேரங்களில் அதனால் எடைபோட முடிவதில்லை. உயிரைக் குடிக்கப்போகும் ஷில்கா அருகில் நிற்க, விலையுயர்ந்த ஏவுகணையை எரிபொருள் லாரியின் மேல் வீணடிக்கும்.

அதற்குப் பதிலாக, குறிப்பிட்ட குழுவைத் தாக்கும் கட்டளையைத் தாக்கும் வேபாயிண்டில் வையுங்கள். முதலில் விமான எதிர்ப்பு வண்டி மட்டும் அடங்கிய குழு, பிறகு டாங்கிகள் என வரிசைப்படுத்த வேண்டும். இதற்காக எதிரிப் படையை அமைக்கும்போதே ஷில்காவைத் தனிக் குழுவாகப் பிரித்துவைப்பது அவசியம். அதே கட்டளையில் ஆயுத வகையை வழிகாட்டும் ஏவுகணை என்று மட்டும் வரையறுத்து, தாக்கும் தடவைகளின் உச்ச எண்ணிக்கையையும் குறித்துவிடுங்கள். ராக்கெட்டும் பீரங்கியும் பார்க்க அழகுதான். ஆனால் அவற்றைப் பயன்படுத்த நெருங்கித்தான் ஆக வேண்டும். அவை சிறகில் தொங்கவே வேண்டுமா என்றும் யோசியுங்கள். ஏவுகணைகளை மட்டும் ஏற்றி அனுப்பினால் ஒரு சபலம் குறையும்.

ஐந்தாம் படி: திரும்பும் கோட்டை வரையுங்கள்

இரண்டாம் படியில் கணக்கிட்ட தூரத்தை ஆரமாகக் கொண்டு, எதிரியை மையமாக வைத்து ஒரு ட்ரிகர் வட்டம் போடுங்கள். எதிரி நகரும் வரிசையாக இருந்தால், வட்டம் அதோடு சேர்ந்து நகரும்படி அதனுடன் இணைக்க வேண்டும். ஹெலிகாப்டர் குழுவில் ஏதேனும் ஒன்று அந்த வட்டத்துக்குள் நுழைந்தால் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும் தாக்குதல் கட்டளை நிற்க வேண்டும். சுடும் அனுமதி முற்றிலும் விலக வேண்டும். அடுத்து, முகட்டுக்குப் பின்னால் இருக்கும் வேபாயிண்டுக்குத் தாவும் கட்டளை செயல்பட வேண்டும்.

வரிசை முக்கியம். சுடும் அனுமதியை விலக்காமல் வேபாயிண்டை மட்டும் மாற்றிய நாட்களில், என் ஹெலிகாப்டர் ஒரு கணம் திரும்பி, ஏதோ மறந்ததுபோல மறுபடியும் இலக்கை நோக்கியே போனது. தாக்குதல் கட்டளைக்கு ஒரு ஃப்ளாக்கை நிறுத்தும் நிபந்தனையாக வைத்து, வட்டத்தில் நுழையும்போது அந்த ஃப்ளாக் மாறும்படி செய்தால் இந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் மறைகிறது.

வட்டத்தை விலகும் தூரத்தைவிடச் சற்றுப் பெரிதாகவே போடுங்கள். ஹெலிகாப்டர் திரும்புவதற்கு இடம் வேண்டும். 100 நாட்டில் வரும் ஒன்று முழுதாகத் திரும்பி முடிக்கும்போது பல நூறு மீட்டர் முன்னே சென்றிருக்கும். ஏவுகணை இன்னும் பறந்துகொண்டிருக்கும்போதே திரும்பினால் அது வீணாகும். அப்படி ஓர் ஏவுகணை வீணாவது எனக்குச் சம்மதமே. ஹெலிகாப்டர் மிஞ்சினால் மறுமுறை வரலாம். மறுமுறை வருவதற்கும் அதே வழியை வைக்காதீர்கள். முகட்டின் பின்னாலேயே ஓரிரு கி.மீ. பக்கவாட்டில் நகர்த்தி, வேறொரு வேபாயிண்டிலிருந்து புதிய தாக்குதல் கட்டளையைத் தொடங்குங்கள்.

ஆறாம் படி: ஜோடியைப் பிரியுங்கள்

ஒரே குழுவில் இரண்டு ஹெலிகாப்டர்களை வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே திசையிலிருந்து போகும். ஒன்று சுடும்போது மற்றொன்று காவல் காக்கும் முறை கணினியிடம் இல்லை. தலைமை ஹெலிகாப்டர் திரும்பிய பிறகும் விங்மேன் (துணையாக வரும் ஹெலிகாப்டர்) தன் இலக்கை விடாமல் பிடித்துக்கொண்டு முன்னே போவதும் உண்டு. தனித்தனிக் குழுக்களாக்கி, இரண்டுக்கும் வெவ்வேறு வட்டமும் ஃப்ளாக்கும் கொடுத்து, முதலாவது விலகும்போது இரண்டாவது எழும்படி கோத்துவிடுங்கள். வேலை இரட்டிப்பாகும், உண்மைதான். ஆனால் முழு வழிகாட்டியிலும் பார்வைக்கு உயிரூட்டும் படி இதுவே: ஒன்று முகட்டின் பின்னால் இறங்க, மற்றொன்று சற்றுத் தள்ளி எழுவதைப் பார்க்கும்போது யாரோ உள்ளே உட்கார்ந்து ஓட்டுவதுபோலவே இருக்கும்.

ஏழாம் படி: ஆபத்துக்கு எப்படி எதிர்வினையாற்றுவது

டிசிஎஸ்ஸில் அச்சுறுத்தலுக்கான எதிர்வினையை எதுவும் செய்யாமல் இருப்பது முதல், ஏமாற்று வெப்பச்சுடர்களை மட்டும் விடுவது, விலகி ஆடுவது, அச்சுறுத்தலைச் சுற்றிச் செல்வது எனப் பல நிலைகளில் வைக்கலாம். முழு எதிர்வினையைக் கொடுத்தால் பாதுகாப்பு கூடும் என்று தோன்றும்; ஹெலிகாப்டரைப் பொறுத்தவரை எனக்கு நேர்மாறாகவே நடந்தது. மறைவில் இருந்த ஹெலிகாப்டர், தொலைவில் ஒரு ஏவுகணை கிளம்பியதும் துள்ளி ஏறி, பக்கவாட்டில் சாய்ந்து, அதுவரை அதைப் பார்க்காதவர்களுக்கும் தன்னைக் காட்டிக்கொண்டது. ஆகவே போகும் வழியிலும் தாக்கும் கட்டத்திலும் சுடர்களை மட்டும் விடும் நிலையையும், விலகித் திரும்பும் கட்டத்தில் முழு எதிர்வினையையும் வைப்பது என் வழக்கம்.

எதிரிக்குக் கண்ணில் படாமல் செய்யும் கட்டளையும் இருக்கிறது. மரங்களுக்குப் பின்னால் மறைந்தாலும் எதிரிக் கணினி நம்மைப் பார்த்துவிடுகிறது என்ற பழைய மனக்குறைக்கு ஈடாக, காடுகளின் மேல் செல்லும் வழியில் மட்டும் அதைப் பயன்படுத்துவதில் எனக்குக் கூச்சமில்லை. தாக்கும் வேபாயிண்டில் அதைக் கட்டாயம் நீக்கிவிடுங்கள். அழியாத ஹெலிகாப்டராக மாற்றும் கட்டளையை மட்டும் தொடாதீர்கள். அதைத் தொட்டால் மேலே செய்த கணக்கு எதற்கும் பொருளில்லை.

எட்டாம் படி: உள்ளே உட்கார்ந்திருக்கும் கணினி வேறு

நீங்களே ஹெலிகாப்டரை ஓட்டும்போது மற்ற இருக்கையில் உட்காரும் கணினித் துணைவரை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. டிசிஎஸ்ஸின் எம்ஐ-24பி-யில் வரும் பெட்ரோவிச்சும், 2022-இல் வந்த ஏஎச்-64டி-யில் வரும் ஜார்ஜும் நீங்கள் காட்டும் திசையில் தேடி, நீங்கள் தேர்ந்தெடுக்கும் இலக்கைச் சுடுகிறார்கள். அங்கே திரும்பும் முடிவு உங்கள் கையில் இருப்பதால் முதன்மைக் குறை தானாகவே நீங்கிவிடுகிறது. முன்னிருக்கையில் அமர்ந்து ஓட்டும் வேலையை ஜார்ஜிடம் ஒப்படைக்கும்போது மட்டும் உயரத்தையும் வேகத்தையும் அடிக்கடி சொல்லிக்கொண்டிருங்கள்.

கடைசிப் படி: மறுபடியும் அதே மூன்று எண்கள்

சோதனைக் களத்துக்குத் திரும்பி, மீண்டும் ஐந்து முறை ஓடவிட்டு, அதே மூன்று தூரங்களையும் எழுதுங்கள். முதல் ஏவுகணையின் தூரம் அதிகம் மாறியிருக்காது. கடைசி ஏவுகணையின் தூரம் உங்கள் வட்டத்துக்கு வெளியே வந்திருக்க வேண்டும். மூன்றாவது எண்ணுக்கான கட்டம் பெரும்பாலும் காலியாக இருக்க வேண்டும். அதில் ஏதேனும் ஒரு தூரம் எழுத நேர்ந்தால், டாக்வியூவில் அந்த நொடிக்குப் போய் ஹெலிகாப்டரின் உயரத்தை முதலில் பாருங்கள், வட்டத்தை அப்புறம் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட முறை, ஏதோ ஒரு வேபாயிண்டின் உயரம் கடல் மட்டத்திலிருந்தே அளக்கப்பட்டுக்கொண்டிருந்தது. சிமுலேட்டருக்குப் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் இந்தச் சிறு மிஷனைப் பெரிய மிஷன்களுக்கு முன்னால் ஒரு முறை ஓட்டிவிடுங்கள். கணினியின் நடத்தை பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால், நேற்றுவரை சரியாக விலகிய ஹெலிகாப்டர் இன்று வட்டத்தைக் கவனிக்காமல் போவதை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.